அலகு அவரவருடையதாக இருக்கட்டும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆடித் திருவிழாவில் அலகு என்ற கூரான கம்பியைக் கன்னத்தில் குத்திக்கொள்ளும் படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர், இந்தக் கொடுமையை அரசு தடை செய்ய வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தார். நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். 31 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இந்த ஆடியில் என் அண்ணன் மகன் அலகு குத்தினான். பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

போன வருடம் அண்ணிக்கு இதயத்தில் ஆபரேஷன். அம்மா பிழைத்து வந்தால் அலகு குத்துகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வேண்டிக்கொண்டான். காப்புக் கட்டிய நாளிலிருந்து செருப்பு போடவில்லை, வெறும் தரையில்தான் படுத்தான். மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத பிள்ளை, காசிமேட்டிலிருந்து கூடை கூடையாக வஞ்சிரமும் சங்கராவும் வரும் தெருவில் இருந்துகொண்டு அதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரகம் ஜோடித்து, பம்பைக்காரர்கள் வந்து நின்றதும் தெருவே மாறிவிட்டது. பூசாரி உடுக்கை அடித்து வர்ணிக்க வர்ணிக்க அவன் உடம்பு ஆடத் தொடங்கியது. கன்னத்தில் திருநீறு தேய்த்து, இரண்டு விரலால் பிடித்து, ஒரே மூச்சில் அலகை ஏற்றினார். இரண்டு ஆள் நீளம். முனைகளில் எலுமிச்சம்பழம் செருகி, பக்கத்துக்கு ஒருவராகத் தாங்கிக்கொண்டார்கள். அண்ணி அவன் கையை விடவே இல்லை. அவன் முகத்தில் வலி தெரியவில்லை. அழுதது நாங்கள்தான்.

ரத்தம் வரவில்லையே என்று எல்லோரும் அதிசயப்பட்டார்கள். கூரான, வழவழப்பான கம்பி சதையைக் கிழிக்காமல் விலக்கிக்கொண்டு போகும். உள்ளே இருக்கும்வரை அந்தக் கம்பியே துளையை அடைத்துக்கொள்ளும். கன்னத்தில் பின்பக்கம் எச்சில் குழாயும் முக நரம்பின் கிளைகளும் ஓடுகின்றன. அங்கே போகாமல் முன்பக்கமாகவே குத்தினார் பூசாரி. எந்தக் கல்லூரியிலும் படிக்காத அந்தக் கையைப் பார்த்து எனக்கு மரியாதைதான் வந்தது. அம்மனை நம்புகிறவளாகவும் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஊர்வலம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தொட்டு, டோல்கேட் மெட்ரோ பாலத்துக்குக் கீழே போய்த் திரும்பியது. முதுகில் கொக்கி மாட்டி சின்னத் தேர் இழுத்தவர்களும் இருந்தார்கள். வழி நெடுகப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காலைக் குளிரவைத்தார்கள்.

என் வயிற்றைக் கலக்கியது அதற்கு அப்புறம் நடந்தது. கோயில் வாசலில் அலகைப் பிடுங்கி, குத்திய இடத்தில் திருநீறு அடைத்தார்கள். பிடுங்கிய அலகுகள் ஒரு தாம்பாளத்தில் விழுந்தன. மஞ்சள் தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து, கற்பூரத்தில் காட்டி, மதியம் வேறு தெருவில் குத்துவதற்கு எடுத்துப் போனார்கள். அப்படியென்றால் என் பிள்ளையின் கன்னத்தில் ஏறியது அதற்கு முன்னால் யார் கன்னத்தில் இருந்தது?

கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில், கண்ணுக்கே தெரியாத அளவில் இருந்தாலும், உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். மஞ்சளுக்கோ ஒரு நொடி கற்பூரச் சுடருக்கோ அது சாகும் என்று நம்ப முடியாது. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற டெட்டனஸ் வித்துகள் கொதிக்கிற தண்ணீரையே தாங்கும். அவற்றைக் கொல்ல அழுத்தமான நீராவியில் 121 டிகிரி வேண்டும். என் தாய்மாமன் இருபது ஆடி தவறாமல் அலகு குத்தியவர். ரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் அவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. அலகால் வந்தது என்று நான் சொல்லவில்லை, அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி இருபது வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறது.

தடை என்று கேட்கிறவருக்கு ஒன்று. கொக்கியில் தொங்கும் சடங்கை 1865இல் வங்காளத்தில் ஆங்கிலேயர் தடை செய்தார்கள். சென்னை மாகாணத்திலும் 1890களில் இதே சடங்கை, நாம் செடலாட்டம் என்கிறோமே, அதை நிறுத்தலாமா என்று விசாரித்தார்கள். இன்றும் நம் ஊர்களில் செடல் ஏறுகிறார்கள். கப்பல் ஏறிப் போன சனம் மலேசியாவின் பத்துமலையிலும் சிங்கப்பூரிலும் அலகு குத்துகிறது. தடை போட்டால் இது சந்துக்குள் போகும், இருட்டில் இன்னும் அழுக்காக நடக்கும்.

நம் கண் முன்னாலேயே மாறிய விஷயம் ஒன்று உண்டு. 1986இல் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். ரத்தத்தால் பரவும் என்ற பயத்தில், அப்புறம் மெல்ல மெல்ல முடிதிருத்தும் கடைகளில் ஆளுக்கு ஒரு புது பிளேடு வந்தது. அதனால் யாருடைய தொழிலும் கெடவில்லை. சவரத்துக்கு இருக்கிற சுத்தம் சாமிக்கு வேண்டாமா?

குத்துகிறவர் ஒவ்வொருவரும் தன் அலகைத் தானே வாங்கிக்கொள்ளட்டும். அதைப் பூஜை அறையில் வைத்துக்கொள்ளட்டும், யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம். நாக்கில் குத்தும் சின்ன வேல் பிரஷர் குக்கருக்குள்ளேயே அடங்கும். சோப்புப் போட்டுக் கழுவி, விசில் வந்த பிறகு அரை மணி நேரம் நீராவியில் வைக்கலாம். காப்புக் கட்டுவதற்கு முன்பே டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், மாநகராட்சி சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். அடுத்த ஆடிக்கு வேண்டிக்கொண்டவர்கள் தை மாதமே தொடங்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் குத்துவதை மட்டும் நான் எந்தச் சுத்தத்தோடும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேண்டுதல் பெரியவர்களுடையது, நாக்கு பிள்ளையுடையது.

இதையெல்லாம் எங்கள் பூசாரியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அலகு குத்துகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டைக் கொண்டுவந்து, "எங்க எழுதணும்னு கோடு போட்டுக் குடும்மா" என்றார். பெயருக்குப் பக்கத்தில் "ஊசி போட்ட தேதி" என்றும் "சொந்த அலகு" என்றும் இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் வரியில் அண்ணன் மகன் பெயர் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.