கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும்: சிசிலித் தீவின் பி அண்ட் பி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இத்தாலியின் சிசிலித் தீவில் பி அண்ட் பி, அதாவது தங்க இடமும் காலை உணவும் தரும் வீட்டு விடுதி, நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதினால் உங்களுக்கு எப்படிப் புரியும் என்ற கவலை எனக்கு இல்லை. பலெர்மோவில் 1980கள் தொட்டே ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். உங்களில் சிலருடைய வீட்டில் படுக்கை விரிப்பை மாற்றுகிறவரும், குளியலறையைக் கழுவுகிறவரும், காலையில் காப்பி வைக்கிறவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். மடலை அவரிடம் கொடுங்கள், வாசித்துச் சொல்வார். நடுவில் சில இடங்களில் அவர் சிரித்தால் காரணம் கேட்காதீர்கள்.

நான் திருச்சிக்காரி. அம்மாவோடும் கணவரோடும் பலெர்மோ, அக்ரிஜெந்தோ, சிரக்கூசா என்று உங்கள் தீவைச் சுற்றியவள். ஹோட்டலை விட்டுவிட்டு பி அண்ட் பி தேடிப் போனதற்குக் காசு மட்டும் காரணம் அல்ல. ஹோட்டல் அறை எந்த ஊரிலும் ஒரே முகத்தோடுதான் இருக்கிறது. ஒரு வீட்டில் தங்கினால்தான் அந்த ஊரார் வெயிலுக்கு எந்த ஜன்னலைச் சாத்துகிறார்கள், ரொட்டியை எந்தக் கடையில் வாங்குகிறார்கள், மாடி வீட்டோடு எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அந்த ஆசையில் வந்தவள் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கதவைத் திறக்க ஓர் ஆளை வையுங்கள்.

இதை வெளியூர்க்காரியின் பேராசை என்று தள்ளிவிட முடியாது. உங்கள் மாநிலத்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டம், 32ஆம் எண், பி அண்ட் பியை எப்படி வகுத்தது என்று எடுத்துப் பாருங்கள். சொந்தக் குடும்பத்தின் உழைப்பைக் கொண்டு, சொந்தக் குடியிருப்பின் ஒரு பகுதியில், ஐந்து அறைக்கும் இருபது படுக்கைக்கும் மேற்படாமல், தங்க இடமும் காலை உணவும் தருவது என்றுதான் அது சொன்னது. வீட்டையும் குடும்பத்தையும் வைத்தே அதை வரையறுத்தார்கள். விருந்தினர் தாமே எண்ணைத் திருகிச் சாவியை எடுத்துக்கொள்ளும்படி சுவரில் தொங்கும் சாவிப் பெட்டி அந்தக் காலத்தில் யார் கற்பனையிலும் இருந்திருக்காது.

பலெர்மோவில் எங்களுக்கு வாய்த்தது அந்தப் பெட்டிதான். பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. கடைகளை மூடியாகிவிட்டது, தரையில் மீன் கழுவிய ஈரம் மட்டும் மிச்சம். வாசல் கம்பிக் கதவில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய எண்பூட்டுப் பெட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாம் ஒரே கறுப்பு, ஒன்றிலும் பெயர் இல்லை. வாட்ஸ்ஆப்பில் வந்த தானியங்கிச் செய்தியில் நான்கு இலக்க எண் இருந்தது. எந்தப் பெட்டிக்கு என்பது இல்லை. கணவர் செல்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருக்க, அம்மா பயணப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, யாரோ வீட்டுக்குத் திருட வந்தவர்களைப் போல நிற்கிறோமே என்று முணுமுணுத்தார். எதிர் பால்கனியில் ஒரு மூதாட்டி வந்தார். எங்களிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. இடமிருந்து மூன்றாவது என்று விரலால் காட்டிவிட்டு, ஜன்னலைப் படாரென்று சாத்திக்கொண்டார். அந்த ஜன்னல் சாத்தப்பட்ட விதத்தில் பல இரவுகளின் சலிப்பு இருந்தது. அந்தத் தெருவின் வரவேற்பாளர் வேலையை அவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள், சம்பளம் இல்லாமல்.

இந்தப் பெட்டிகளோடு உங்கள் நாடே மல்லுக்கட்டுகிறது. 2024 நவம்பரில் இத்தாலிய உள்துறை அமைச்சகம், வந்திருப்பவரையும் அவருடைய அடையாள ஆவணத்தையும் நேரில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அறை கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அதை எதிர்த்து வழக்குகளும் நடந்தன. புளோரன்ஸ் நகரம் தன் பழைய நகர்ப்பகுதியில் பெட்டிகளுக்குத் தடை விதித்தது. ரோமில் சுற்றுலா வாடகை வீடுகளை எதிர்ப்பவர்கள் சிலர் பெட்டிகளைச் சேதப்படுத்தி, அங்கே ராபின் ஹுட் தொப்பியை மாட்டிவிட்டுப் போனார்கள். போலீசுக்குப் பயந்து நீங்கள் கதவருகே நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதிலும் ஒரு வேடிக்கை: விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்ற விதியை நீங்கள் ஒருநாளும் தவறவிடுவதில்லை. என் பாஸ்போர்ட்டின் படம் நான் வருவதற்கு முன்பே உங்களிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. என்னைப் பார்க்கத்தான் உங்களுக்கு நேரம் இல்லை.

ஆள் இருந்தால் என்ன கிடைக்கும் என்று சிரக்கூசாவில் பார்த்தோம். அதன் பழைய நகரான ஒர்த்தீஜா தீவில், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் தன் வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளை விடுகிறார். மாடிக்குப் போனதும் முதல் வேலையாக ஜன்னலின் மரப் பலகைக் கதவுகளை எப்படிச் சாத்துவது என்று காட்டினார். காலை பத்து மணிக்கு முன் சாத்தி, சூரியன் அந்தப் பக்கம் போனபின் திறக்க வேண்டும். தெற்கிலிருந்து சிரோக்கோ காற்று வீசும் நாளில் திறக்கவே கூடாது. ஏசி இருக்கிறது, ஆனால் அதற்கு முந்திய அறிவு இது. திருச்சி வெயிலில் வளர்ந்த அம்மாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஷை தெரியாத இருவரும் பலகைக் கதவைப் பிடித்துக்கொண்டு சைகையிலேயே நெடுநேரம் பேசினார்கள். அங்கே இருக்கும் பேராலயம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அதீனா கோயிலின் தூண்களையே சுவருக்குள் வாங்கிக்கொண்டது. அதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லும். உள்ளே போகுமுன் வடபுறத் தெருவில் போய் வெளிச்சுவரைப் பாருங்கள், தூண்கள் சுவரைப் பிளந்துகொண்டு நிற்பது தெரியும் என்று சொன்னவர் அந்த அம்மையார்தான். போய்ப் பார்த்தோம். அப்படித்தான் நிற்கின்றன.

இனி காலை உணவு. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

பலெர்மோ அறையின் மேசைமேல் ஒரு பிரம்புக் கூடை. அதற்குள் பிளாஸ்டிக் உறையிட்ட கொர்னெத்தோக்கள் என்னும் பிறை வடிவ இனிப்பு ரொட்டிகள், மாதக்கணக்கில் கெடாதவை. கட்டைவிரல் அளவு டப்பாவில் ஜாம். அடுக்கி வைத்த ரஸ்க். சுவரோரம் ஒரு காப்பி இயந்திரம், அதில் போட ஆளுக்கு ஒரு காப்பித்தூள் குப்பி. கூடையின் கீழ் ஒரு சீட்டு, ‘இனிய காலை வணக்கம்’ என்று ஆறு மொழிகளில். கீழே இறங்கினால் எலுமிச்சையும் பழுத்த அத்தியும் மலைபோலக் குவிந்து கிடக்கிற சந்தை. மேலே, மூன்றாம் மாடியில், எந்த ஆலையிலோ சுட்ட பண்டத்தை உறை கிழித்துத் தின்றுகொண்டிருந்தோம்.

உங்கள் தீவின் கிழக்குக் கரையில் வெயில் காலத்தில் ஊரே எதைச் சாப்பிடுகிறது என்று நான் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் சொல்கிறேன், மறந்துவிட்டீர்கள் போலத் தெரிகிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் கிரனீத்தா என்னும் இனிப்பு ஐஸ், பக்கத்தில் உச்சியில் சிறு கொண்டை வைத்த பிரியோஷ் என்னும் மெத்தென்ற ரொட்டி. கொண்டையை முதலில் பிய்த்து, கிரனீத்தாவில் தோய்த்து வாயில் போட வேண்டும். ‘காலங்கார்த்தாலே ஐஸா, தொண்டை கட்டிக்கொள்ளும்’ என்று அம்மா ஒதுங்கினார். பிறகு ஒரு கரண்டி மட்டும் என்றார். பாதாம் பாலை உறையவைத்துச் சுரண்டியது போல இருக்கிறது என்றவர், அடுத்த நாள் எங்களுக்கு முன்பே புறப்பட்டு நின்றார். சிரக்கூசா அம்மையார் இதைத் தாமே செய்வதில்லை. தெருமுனை பாரில் சொல்லிவைத்து வாங்கி வந்து, சொந்தக் கிண்ணத்தில் மாற்றி வைக்கிறார். உங்கள் ஊரில் பார் என்றால் காப்பிக் கடை என்று அம்மாவைச் சமாதானப்படுத்தியது தனிக் கதை.

சுகாதார விதிகள் இருக்கின்றன, வீட்டில் செய்ததைப் பரிமாறினால் அபராதம் போடுவார்கள் என்று உங்களில் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் எள் தூவிய உங்கள் ஊர் ரொட்டியைக் கடையில் வாங்கி வைக்க எந்த விதி தடுக்கும்? நான்கு தக்காளி, ஒரு குப்பி ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் உப்பு? காலையில் இனிப்பைத் தவிர வேறெதுவும் உங்கள் கண்ணில் படுவதில்லை. எங்கள் நாக்கோ விடிந்ததும் உப்பையும் காரத்தையும் தேடும். வெட்டிக்கூடத் தர வேண்டாம். ஒரு கத்தியை வையுங்கள், நாங்களே வெட்டிக்கொள்கிறோம்.

பலெர்மோவில் அந்தக் கூடையோடு நாங்கள் முறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வெளிக்கதவில் சாவி திரும்பியது. நடுவயதுப் பெண்மணி ஒருவர், கையில் துணிப்பை. எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். ‘நீங்கள் தமிழோ?’ அம்மாவைப் பார்த்து அடுத்த கேள்வி: ‘அம்மா, தேத்தண்ணீர் போடட்டோ?’ துணிப்பைக்குள் அவருடைய சொந்தத் தேயிலை இருந்தது. அன்று காலை அவர் துப்புரவு செய்ய வந்த இரண்டாவது வீடு அது. இஞ்சி தட்டிப் போட்ட அந்தத் தேநீர்தான் பலெர்மோவில் எங்களுக்குக் கிடைத்த காலை உணவு. கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லித்தந்தார். மொந்தே பெல்லெக்ரினோ மலையில், புனித ரொசாலியாவின் குகைக்கு நம் ஆட்கள் நடந்தே ஏறுவார்கள், செப்டம்பர் 4ஆம் தேதித் திருநாளில் கூட்டம் தாங்காது என்றார். அவர் சைவ சமயத்தவர். வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ரொசாலியா இருக்கிறாள் என்று சாதாரணமாகச் சொன்னார். 1624இல் கொள்ளைநோயிலிருந்து அந்த ஊரைக் காத்தவள் என்று உங்கள் ஊர் நம்புகிற புனிதை, போருக்குத் தப்பி வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டாள்.

அன்று மாலை எனக்கு ஒரு தானியங்கிச் செய்தி வந்தது: எங்கள் விருந்தோம்பல் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்? யாருடைய விருந்தோம்பலுக்கு நட்சத்திரம் போடுவது? விளம்பரத்தில் இருக்கிற புகைப்படம் உரிமையாளருடையது. அவரை நாங்கள் பார்க்கவே இல்லை. உங்கள் பக்கங்களில் ‘வீட்டுக்காரர் மிக அன்பானவர்’ என்று விருந்தினர்கள் எழுதுகிற வரிகளில் எத்தனை இந்தப் பெண்களுக்குச் சேர வேண்டியவை என்று எண்ணிப் பாருங்கள். நீங்களே கதவருகே நிற்க முடியாவிட்டால் போகட்டும். நிற்கிறவருக்கு அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். அவர் சம்மதித்தால் பெயரையும் படத்தையும் விளம்பரத்தில் போடுங்கள். கூட்டிப் பெருக்கும் நேரத்துக்கு மட்டும் சம்பளம், சிரிப்பு இலவசம் என்ற கணக்கு சரியில்லை.

அக்ரிஜெந்தோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அங்கே குறை ஒன்றும் இல்லை. 2024 கோடை வறட்சியில், தண்ணீர் இல்லாமல் அந்த ஊரின் சிறு விடுதிகள் சில விருந்தினரைத் திருப்பி அனுப்பிய செய்தியை நாங்களும் படித்திருந்தோம். எங்கள் விடுதிக்காரர் முதல் நாளே மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினார். இவ்வளவுதான் இருக்கிறது, அடுத்த முறை எப்போது வரும் என்பது எனக்கே தெரியாது என்றார். குடமும் டேங்கர் லாரியும் பழகிய எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை, வாளியில் பிடித்துக் குளித்தோம். இதே சேதியை வாட்ஸ்ஆப்பில் படித்திருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும்.

ஆள் இல்லாத வீடு எங்களைவிட உங்களுக்குத்தான் ஆபத்து. பார்சிலோனா 2024 ஜூனில் என்ன அறிவித்தது என்பது உங்களுக்குத் தெரியும்: 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்போவதில்லை. அங்கே ஊரார் வாடகைக்கு வீடு கிடைக்காமல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நீங்கள் ஒரு பகுதியில் வாழ்ந்துகொண்டு மறு பகுதியை விருந்தினருக்கு விட்டால் அந்தத் தெருவில் ஒரு குடும்பமும் குறையவில்லை. எதிர் பால்கனி மூதாட்டிக்கும் பேச்சுத்துணை இருக்கும். முழு வீட்டையும் காலிசெய்து பெட்டியைத் தொங்கவிட்டால், நாளை தடை வரும்போது உங்களுக்காகப் பரிந்து பேச அந்தத் தெருவில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

இன்னொன்று, படிகள். 2025 ஜனவரி முதல், ஒவ்வொரு விடுதிக்கும் தரப்படும் தேசிய அடையாளக் குறியீட்டை விளம்பரத்திலும் வாசலிலும் போட வேண்டும் என்று சட்டம் சொன்னது. போட்டிருக்கிறீர்கள். படிகள் எத்தனை என்று போடச் சொல்லிச் சட்டம் இல்லை, ஆகவே போடவில்லை. நீங்கள் மூன்றாம் மாடி என்றால் தரைத்தளம் கணக்கில் சேராது. நடுவே ஓர் இடைத்தளம் இருந்தால் அதுவும் சேராது. அம்மாவின் முழங்காலுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

பிப்ரவரி 3 முதல் 5 வரை கத்தானியாவில் நடக்கும் புனித அகதா திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்று அம்மா இப்போதே நச்சரிக்கிறார். மூன்று பேர், இரண்டு அறை. லிஃப்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மாடிக்கு மேல் வேண்டாம். அது கிரனீத்தாவுக்கு உகந்த பருவம் இல்லை என்று தெரியும், ரொட்டியும் தக்காளியும் போதும். இடம் இருக்கிறவர்கள் எழுதுங்கள். வாடகையையும் தங்கல் வரியையும் குறிப்பிடும்போது, எங்கள் விமானம் இரவு பத்து மணிக்கு இறங்கினால் கதவைத் திறக்கப்போவது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு விருந்தாளி