ஒரு கிலோமீட்டர் தூரம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்கு அப்புறம் கைத்தடி இல்லாமலே நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. ஆனால் கடைசியில் இரண்டே வரியில் எழுதியிருந்தாயே, கவிதாவை ஐ.நா. அமைதிப்படையின் கள மருத்துவமனைக்கு, தெற்கு சூடானுக்கு அனுப்புகிறார்கள் என்று, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். "உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுது" என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2013 டிசம்பரில் தெற்கு சூடானின் தலைநகரான ஜூபாவில் சண்டை வெடித்தபோது ஆயிரக்கணக்கான மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஐ.நா. முகாம்களுக்கு ஓடிவந்தார்கள். அங்கே இருந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். மலாக்கால், பென்டியூ, போர் (Bor) என்ற ஊர்களில் இருந்த முகாம்களிலும் அப்படியே. அந்த வேலிக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் பின்னாளில் லட்சத்தைத் தாண்டினார்கள். அமைதிப்படை எதையும் சாதிப்பதில்லை என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வரும்.

அதே ஜூபாவில் 2016 ஜூலையில் நடந்தது வேறு. தொண்டு நிறுவன ஊழியர்கள் தங்கியிருந்த ஒரு விடுதிக்குள் சீருடை அணிந்த அந்நாட்டு அரசுப் படையினர் புகுந்து கொன்றார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் உதவி கேட்டுப் போன் மேல் போன் போட்டார்கள். ஐ.நா. முகாம் அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். யாரும் போகவில்லை. பிறகு நடந்த விசாரணையில், சீனா, எத்தியோப்பியா, நேபாளம், இந்தியா ஆகிய நான்கு நாட்டுப் படைகளும் ஒரே தலைமையின் கீழ் இயங்கவில்லை, ஒன்றுக்கொன்று முரணான உத்தரவுகள் போயின என்று தெரியவந்தது. படைத்தளபதியை நீக்கினார்கள். அந்தக் கோபத்தில் அவருடைய நாடான கென்யா தன் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த நான்கு படைகளிலும் கோழைகள் இருந்தார்கள் என்று நான் நம்பவில்லை. அந்தச் சண்டையில் இரண்டு சீன வீரர்கள் உயிரையே கொடுத்தார்கள். ஒருவர் உத்தரவை இன்னொருவர் ஏற்கலாமா என்பதைச் சண்டைக்கு முன்பே பேசி முடிக்கவில்லை. அதற்கான விலையைத்தான் அந்த விடுதியில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

ஐ.நா.வுக்குச் சொந்தப் படை கிடையாது, செல்வம். 1956இல் எகிப்தின் சூயஸ் கால்வாய்ப் பகுதிக்கு முதல் படையை அவசரமாகத் திரட்டியபோது, அமெரிக்க ஹெல்மெட்டுகளுக்கு நீலச் சாயம் அடித்துக் கொடுத்தார்கள். தலைக்கு மேலே இருப்பதை அன்றைக்கே ஒரே நிறமாக்கிவிட்டார்கள். தலைக்குள்ளே ஓடுவதை ஒன்றாக்கும் வேலை இன்னும் முடியவில்லை. பணத்தில் பெரும்பங்கு அமெரிக்காவும் சீனாவும் தர வேண்டியது. சந்தா தாமதமானால், நேபாளமும் ருவாண்டாவும் வங்கதேசமும் அனுப்பிய வீரர்களுக்கு வர வேண்டிய தொகையும் தாமதமாகிறது. இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது போதாது என்பது என் நெடுநாள் வருத்தம்.

போன மாதம் ஒரு பயிற்சியில் ஒன்பது நாட்டு அதிகாரிகளை வைத்து ஒத்திகை நடத்தினோம். ரோந்து வண்டி கண்ணிவெடியில் சிக்கிவிட்டது, ஒரு வீரருக்குத் தொடையில் ரத்தம் கொட்டுகிறது. ஐ.நா.வின் கணக்கு 10-1-2. பத்து நிமிடத்துக்குள் ரத்தத்தை நிறுத்த வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் உயர் சிகிச்சை தொடங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை. பக்கத்தில் இருந்த வீரர் நாலே நிமிடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டார். அப்புறம்தான் நேரம் கரைந்தது. ஹெலிகாப்டர் ஒரு நாட்டுடையது, இருட்டிய பிறகு பறக்க அவர்கள் தலைநகரத்தைக் கேட்க வேண்டும். இறங்குமிடத்துக்குக் காவல் போக வேண்டியது இன்னொரு நாட்டுப் படை, அவர்களுக்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். வயர்லெஸ்ஸில் வந்த இடக்குறிப்பை மருத்துவர் மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். மேசை மேல் இருந்த கடிகாரம் ஒரு மணி ஐம்பது நிமிடம் காட்டியபோதும் ஹெலிகாப்டர் தரையில்தான் நின்றது. ஒரு இளம் கேப்டன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இவர் இறந்துவிட்டார்" என்றார். அறையில் யாரும் பேசவில்லை.

மறுநாள் அதே ஒத்திகையை மறுபடியும் செய்தோம். முந்தின இரவே எல்லா அனுமதியையும் எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள், எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே சொற்கள். எழுபது நிமிடத்தில் ஆள் மருத்துவமனையில். அதே மனிதர்கள், அதே ஹெலிகாப்டர்.

ருவாண்டாவை நீயும் மறந்திருக்க மாட்டாய். 1994 மே மாதம் 5,500 பேரை அனுப்பலாம் என்று பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டது. ஜூலையில் அங்கே நடந்த இனப்படுகொலை ஓயும்போதும் அங்கே இருந்தவர்கள் சில நூறு பேர்தான். கவச வண்டிகளுக்கு யார் பணம் தருவது என்ற பேரத்திலேயே வாரங்கள் போய்விட்டன. தீர்மானம் போட்ட பிறகு ஆள் தேடக் கூடாது, முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2015இல் நாடுகள் தங்கள் படைப்பிரிவுகளைப் பதிவுசெய்து வைக்கும் முறை வந்தது. ஜப்பான் பணமும் பயிற்சியாளர்களும் தந்து ஆப்பிரிக்க வீரர்களுக்குப் புல்டோசர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் திட்டமும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. சாலை போடத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் அங்கே மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் நகராது. இப்படிப்பட்ட வேலைகள் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

சரி, கவிதா விஷயம். போகட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் போனதும் முதல் வாரத்திலேயே, இரவில் ஹெலிகாப்டர் கிளம்ப யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கச் சொல். அந்த ஆளை நேரில் போய்ப் பார்க்கட்டும். அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சேர்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும். பக்கத்து முகாம் செவிலியர்களோடு ஒரு தடவையாவது ஒத்திகை பார்க்கட்டும்.

கிளம்புவதற்கு முன் என்னோடு ஒரு முறை பேசச் சொல். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? சான்றிதழ் செல்லுபடியாகப் பத்து நாள் ஆகும், கடைசி வாரம்வரை தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
பாலா