ஹெரால்டை எடைக்குப் போடாதே

கோவென்ட்ரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். சாந்திக்கு முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி, பெரியவள் வேலையில் சேர்ந்ததற்கு என் வாழ்த்தைச் சொல். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பக்கம் முனிசிபாலிட்டித் தண்ணீரைப் பற்றிப் புலம்பிவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில், "ஷெட்டில் கிடக்கும் பழைய ஹெரால்டு காரை அடுத்த மாதம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன், ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்" என்று எழுதியிருக்கிறாய். போடாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது போடாதே. முடித்த பிறகும் போடாதே.

ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்றால், நானும் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். சிரிக்காதே. இரண்டு பேர் உட்காரலாம், கூரை துணி, மழை பெய்தால் இரண்டு பேரும் நனையலாம். 1978ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. கொடுத்த விலை 5,500 பவுண்டு. இங்கே ஐந்தாறு வருடம் ஓடிய சாதாரணக் குடும்பக் காரே இதைவிட விலை அதிகம். ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல் குண்டு மணியின் காதில் விழுந்தால் ஜாகுவார் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவான், அவனை முதலில் அடக்கு. ஜாகுவார் ஈ-டைப் வாங்க வேண்டுமென்றால் நான் வீட்டை அடமானம் வைக்க வேண்டும். மீனா ஒன்றும் சொல்லவில்லை. "முடி கொட்டிய ஆண்களுக்கு இது வரும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்வார்கள்" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய மின்சாரக் கார் சிக்னலில் என்னை விட்டுவிட்டு எங்கேயோ போய்விடுகிறது. 71 குதிரைசக்திதான் என் வண்டி. ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்து, லாரிச் சக்கரம் கண்மட்டத்துக்கு வரும்போது, மணிக்கு அறுபது கிலோமீட்டரே இருமடங்காகத் தெரிகிறது. அந்தக் காசுக்கு இது போதும்.

எத்தனையோ பழைய கார் இருக்க இதை ஏன் வாங்கினேன் என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும். இது ஹெரால்டின் தம்பி. ஐம்பதுகளின் கடைசியில், இரண்டையும் செய்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்குக் காரின் முழு உடம்புக் கூட்டைச் செய்துதர ஆள் கிடைக்கவில்லை; வழக்கமாகச் செய்துகொடுத்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் தனியாக ஒரு சேஸி, அதாவது இரும்பு அடிச்சட்டம், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் உடம்பு என்று, மற்றவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய முறைக்கே திரும்பினார்கள். உருவம் வரைந்தவர் டூரின் நகரத்து மிக்கெலாட்டி. 1959இல் ஹெரால்டு வந்தது. துண்டு துண்டாக இருந்ததால்தானே அதைக் கப்பலில் ஏற்றி நம் பெருங்களத்தூருக்கு அனுப்பி மாட்ட முடிந்தது? 1961இலிருந்து அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓடி வெளியே வந்தது. அதே சேஸியைக் குறுக்கி, பக்கவாட்டுக் கைகளை வெட்டிவிட்டு, மிக்கெலாட்டியே மேலே ஒரு இரண்டு இருக்கை உடம்பை வரைந்தார். பணமில்லாமல் அந்த முன்மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்ததாம். 1961இல் கம்பெனியை வாங்கிய லேலண்ட் ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்தபோது துணியைத் தூக்கிப் பார்த்து, செய்யுங்கள் என்றார்கள். 1962இல் ஸ்பிட்ஃபயர் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் நான் இருக்கும் இந்த ஊரின் கேன்லி பகுதியில். இப்போது அங்கே அலுவலகங்களும் கிடங்குகளும். போய்ப் பார்த்தேன், பார்க்க ஒன்றுமில்லை.

மூன்று லட்சம் என்பதுதான் என்னைப் போன்றவன் இதை வாங்க முடிவதற்குக் காரணம். அரிய பொருளாக இருந்திருந்தால் பணக்காரர்கள் ஏசி அறையில் பூட்டி வைத்திருப்பார்கள். இது தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஓட்டிய வண்டி. அதனால் உதிரிபாகம் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள், பட்டியலைப் பார்த்து எழுதினால் இரண்டு நாளில் வாசலில் வந்து நிற்கிறது. ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்று ஒரு சங்கம் இருக்கிறது, அதில் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல ஓய்வுபெற்ற ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். நாற்பது வயதைத் தாண்டிய வண்டி என்பதால் சாலை வரி இல்லை. ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. நான் செய்துகொள்கிறேன், பிரேக்கைப் பற்றி என் கண்ணை மட்டும் நம்புவதற்கு எனக்குத் தைரியமில்லை. இன்சூரன்ஸ், குறைந்த தூரம்தான் ஓட்டுவேன் என்று எழுதிக்கொடுத்தால் கொசுறு.

வாங்கப் போனபோது நம் சயின்ஸ் வாத்தியாரைத்தான் நினைத்துக்கொண்டேன்: "பளபளப்பைப் பார்க்காதே, பின்னால் திருப்பிப் பார்." வார்விக்ஷயரில் ஒரு கிராமம், விற்றவர் ஒரு பெரியவர். முன்பக்கம் முழுவதையும், மட்காடு விளக்கு எல்லாவற்றோடும், ஒரே மூச்சில் முன்னால் சாய்த்துவிட்டு எஞ்சினைக் காட்டினார். இந்த அமைப்பு உங்கள் ஹெரால்டிலும் உண்டே, சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு நாம் மாங்காய் தின்றோமே, அதேதான். எஞ்சின் மினுமினுத்தது. நான் அதைப் பார்க்காமல் கதவின் கீழே குனிந்தேன். பெரியவர் சிரித்துவிட்டார், விஷயம் தெரிந்தவன் வந்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது.

இந்த வண்டியில் எஞ்சின் மலிவு, தகரம்தான் விலை. சேஸியின் பக்கவாட்டுக் கைகளை வெட்டிவிட்டதால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற பகுதிதான் பாரத்தைத் தாங்குகிறது. அது துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவின் மேல்பக்க இடுக்கு குறுகும், கீழே அகலும். சிலர் உடம்புக்கு முட்டுக் கொடுக்காமல் அந்தப் பகுதியை வெட்டி வெல்டிங் செய்துவிடுவார்கள். பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாகச் சாத்தாது. நான் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி கீழே ஓட்டிப் பார்த்தேன். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். இடதுபுறம் பின்னால் ஒரு சாண் ஒட்டவில்லை. அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன். அடுத்து, மீனாவை உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொல்லி, எஞ்சின் முன்னாலுள்ள புல்லியைப் பார்த்தேன். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்ந்தால் உள்ளே கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் அரைவட்டத் தகடுகள் தேய்ந்துவிட்டன; விட்டால் கீழே விழுந்து எஞ்சினையே முடித்துவிடும். நகரவில்லை. மீனா இந்தக் கல்யாணத்தில் கார் வாங்கச் செய்த ஒரே உதவி அது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பொங்கலன்று நான் போன் செய்தபோது நீ கடைக்குப் போயிருந்தாய், உன் அப்பா எடுத்தார். இதை நான் உன்னிடம் அப்போது சொல்லவில்லை. முதலில் என்னை உன் சித்தப்பா மகன் என்று நினைத்துக்கொண்டு நில விவகாரம் பேசினார். நான் சேகர், கோவென்ட்ரியிலிருந்து பேசுகிறேன் என்றேன். சரி சரி என்றார், ஆனால் பிடிபடவில்லை. பேச்சு ஓடவேண்டுமே என்று, பழைய ட்ரையம்ஃப் ஒன்று வாங்கியிருக்கிறேன் அப்பா, ஹெரால்டு முன்சக்கர அமைப்புதான் இதிலும் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கீழே கிரீஸ் அடிக்காதே. 90 நம்பர் கியர் ஆயில் விடு. மேலே வழிகிற வரைக்கும் விடு" என்றார்.

ட்ரன்னியனைத்தான் சொன்னார். உனக்கு மறந்திருக்கும்: முன்சக்கரத்தின் கீழே ஒரு வெண்கலத் துண்டு, அதற்குள் மரை போட்ட இரும்புக் கம்பம், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. கிரீஸ் மரைக்குள் முழுதாகப் போய்ச் சேராது. தண்ணீர் இறங்கி இரும்பை அரிக்கும், ஒருநாள் கம்பம் முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். இங்கே கிளப்பில் புதிதாகச் சேருபவனுக்குச் சொல்லும் முதல் அறிவுரை இதுதான். பெருங்களத்தூர் ஆலையில் கற்றதை அப்பா எனக்குச் சொன்னார். அதோடு விடவில்லை. கதவு இடுக்குப் பார்த்தாயா என்று கேட்டார். வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காதே, பின்சக்கரம் உள்ளே மடங்கும் என்றார். ஹெரால்டுக்கு அடுத்து ஆலையில் கெஸல் கார் வந்தபோது பின் அச்சையே மாற்றினோம் என்றார். என் வண்டியில் அதைத் திருத்திவிட்டார்கள் அப்பா, நடுவில் ஆடும் ஸ்பிரிங் பட்டை வைத்திருக்கிறார்கள் என்றேன். "லேட்டாகத் திருத்தினார்கள்" என்றார். அந்தப் பழைய குரல், கண்ணா. நம் ரிசல்ட் வந்த அன்று கேட்டோமே, அதே குரல்.

கடைசியில் என்னைக் கேட்டார்: "நம்ம வண்டி ஓடுகிறதா?" தெரியாது அப்பா, கண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதனால்தான் கேட்கிறேன்.

வண்டியை ஓடவைத்தால் அவருக்கு எல்லாம் திரும்பிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. என் அம்மாவைப் பார்த்துக்கொண்டவன் நான், அப்படியெல்லாம் நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு "எடைக்குப் போட்டுவிட்டோம்" என்று உன்னால் பதில் சொல்ல முடியுமா? ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார், ஒவ்வொரு முறையும் நீ புதிதாகச் சொல்ல வேண்டும்.

நீ சொல்லப்போகும் காரணங்கள் எனக்குத் தெரியும். இடம் அடைக்கிறது: மணியின் ஷெட் பாதி காலி, அவன் வாடகை கேட்டால் வண்டலூர் கேட்டில் நடந்ததை நினைவுபடுத்து. ஆர்.சி. காலாவதி: மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வயதைத் தாண்டிய, உருவம் மாறாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். உங்களுடையது 1969, தாண்டிவிட்டது. தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்டக்கூடாது; கண்காட்சிக்கும், பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். பெட்ரோல் போடவும் என்று விதியிலேயே இருக்கிறது, அதற்குமேல் உனக்கு என்ன வேண்டும்? ஆனால் அந்தப் பெட்ரோலில்தான் கவனம். இங்கே பத்து விழுக்காடு எத்தனாலுக்கே பழைய ரப்பர் குழாய்கள் வெடித்துக் கசிகின்றன. உங்கள் ஊரில் இருபது. குழாய், கார்புரேட்டர் வாஷர், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் புது வகை ரப்பரில் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும்.

செலவு ஆகும், ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன். இந்த வண்டிகள் வாங்கத்தான் மலிவு. மலிவு என்று நம்பி வாங்கி, அடியில் துருவைப் பார்த்துவிட்டு மறுமாதமே விற்பவர்களின் விளம்பரம் இங்கே வாராவாரம் வருகிறது. நல்ல டிங்கர் வேலைக்காரர் கிடைக்காவிட்டால் உன் ஹெரால்டும் பத்து வருடம் அரைகுறையாக நிற்கும். ஆனால் உன் சேஸிக்குக் கைகள் வெட்டுப்படவில்லை. என் வண்டியைவிட உன்னுடையது திருத்த எளிது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரும்புக்காரனிடம் முன்பணம் வாங்கியிருந்தால் நாளைக்கே திருப்பிக் கொடு. முன்பக்கத்தைச் சாய்த்து சேஸி நம்பர் தகட்டைப் படம் எடுத்து அனுப்பு. பின் அச்சுக்குப் பக்கத்தில் சேஸியைச் சுத்தியலால் லேசாகத் தட்டு, கணீர் என்று கேட்கிறதா, மொத்தென்று கேட்கிறதா எழுது. படம் எடுக்கும்போது அப்பாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவை. நீ தப்பான இடத்தில் தட்டினால் அவர் திட்டுவார், அது நல்லது.

டிசம்பரில் வருகிறேன். பெட்டியில் ட்ரன்னியன், குழாய், வாஷர் எல்லாம் இருக்கும், அதனால் சாந்திக்கு வழக்கமான சாக்லேட்டுக்கு இடமிருக்காது. அவளிடம் இப்போதே சொல்லிவை, என் பெயரைச் சொல்லாமல்.

உன்,
சேகர்