கிட்டி காலி

அன்பு மகளுக்கு,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அனுப்பிய செய்தியில் மொத்தமே மூன்று சொல்தான்: "கிட்டி காலி அப்பா." அதைப் படித்துவிட்டு அம்மா கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓர் உயிரைப் பற்றிக் காலி என்று சொன்னால் நம் பேச்சில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். போன வாரம்தான் உன் பூனை கிட்டி உன் லேப்டாப் மேல் படுத்துக்கொண்டு, ஒரு காதை மட்டும் மடக்கி, வீடியோவில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. உனக்குப் போன் போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஒரே வீட்டில் இருக்கும் நீங்கள் ஐந்து பேரும் மாதாமாதம் சேர்த்துப் போடும் வீட்டுப் பணத்துக்கும் கிட்டி என்றுதான் பெயராம். தீர்ந்துபோனது அது.

அந்தப் போனில் இன்னொன்றும் சொன்னாய். "கணக்கு இடிக்குதுப்பா, யாரோ எடுத்திருக்காங்க போல." சொல்லும்போது உன் குரல் தணிந்துவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் சொல்லில் ஆரம்பிக்கிறேன், என் பழக்கம் உனக்குத் தெரியுமே.

ஆங்கிலத்தில் பூனைக் கிட்டி, குட்டிப் பூனையைக் குறிக்கும் கிட்டன் என்ற சொல்லின் செல்ல வடிவம். பணக் கிட்டி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீட்டாட்ட மேசையிலிருந்து வந்தது. ஆடுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நடுவில் போட்டு வைக்கும் தொகைக்கு அந்தப் பெயர். மரத்தொட்டியைக் குறிக்கும் 'கிட்' என்ற பழைய சொல் அதற்கு மூலமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆக, உங்கள் வீட்டில் ஒரே பெயரில் இருக்கும் இரண்டுக்கும் உறவே இல்லை. இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? தமிழிலும் சீட்டு என்றால் ஆடுகிற சீட்டும் அதுதான், பலர் சேர்ந்து பணம் போடுகிற சீட்டும் அதுதான். இரண்டு மொழியிலும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்! ஆனால் நீங்கள் போடுவது சீட்டு இல்லை. சீட்டில் ஒவ்வொரு முறையும் ஒருவர் கைக்குப் பணம் போகும், யாருக்கு என்பது குலுக்கலிலோ ஏலத்திலோ முடிவாகும். உங்களுடையது ஐந்து பேர் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற பணம். அதற்குப் பொதுப்பணம் என்றுதான் பெயர். அந்தச் சொல்லில் 'பொது' இருக்கிறது, கை வைக்கும்போது ஒரு நொடியாவது உறுத்தும்.

பூனைக்கு நம்மிடம் சொல் நிறைய. தொல்காப்பியத்திலேயே காட்டுப்பூனையாகிய வெருகைப் பூசை என்று சொல்லும் வழக்கு உண்டு, அதன் இளசைக் குட்டி என்று சொல்லலாம் என்ற மரபும் உண்டு. ஆண் பூனையைக் கடுவன் என்கிறோம். குட்டி மட்டும் அன்றிலிருந்து தேயாமல் வந்திருக்கிறது, உன்னையும் அப்படித்தானே கூப்பிட்டோம். அம்மா போனில் "குட்டி" என்றால் அந்தப் பூனை திரும்புகிறது என்று சொன்னாயே, கிட்டிக்கும் குட்டிக்கும் காதில் அதிக தூரம் இல்லை. 2019இல் ஜப்பானில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுப் பூனைகள் மற்ற சொற்களிலிருந்து தம் பெயரைப் பிரித்தறிந்தன, முன்பின் தெரியாதவர் கூப்பிட்டாலும்கூட. பல பூனைகள் சேர்ந்து வாழும் கஃபே ஒன்றில் மட்டும், தன் பெயரையும் கூட இருக்கும் பூனையின் பெயரையும் அவை பிரித்துக் காட்டவில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். பொதுப்பணம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அதற்குப் பெயரே டப்பாதான். "டப்பாவில் போடு, டப்பாவில் எடு", அவ்வளவுதான் கணக்கு. ஒரு மாதக் கடைசியில் திறந்தால், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. எங்களில் குறைந்த சம்பளக்காரன் ஒருவன் இருந்தான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவன் அறையில் இருக்கும்போது டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்க ஆரம்பித்தோம். அது போதாதா? ஒரு சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து, சட்டைப் பையை அப்படியே வெளியே இழுத்துப் பாய் மேல் கொட்டினான். நாலைந்து சில்லறைக் காசு, நான்காக மடித்த ஒரு டிக்கெட், பல் உடைந்த சீப்பு. ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் அறையை விட்டுப் போய்விட்டான்.

எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான், அம்மா. அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்த மாதம் அவசரத்துக்கு இரண்டு முறை நானே எடுத்திருந்தேன். அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்தது. வைத்தேனா என்று நினைவில்லை. மற்ற இருவருக்கும் அதே கதையாக இருந்திருக்கும். அவனைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதனால் யாரையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நோட்டைப் பாருங்கள். நோட்டு இல்லை என்றால் இன்றைக்கே வாங்குங்கள். எடுத்தவர் பெயர், தேதி, எதற்கு, எவ்வளவு. எடுத்த கையோடு எழுத வேண்டும், ராத்திரி எழுதலாம் என்றால் போச்சு. ஒருவர் பணத்தை வைத்துக்கொள்ளட்டும், மாதக் கடைசியில் வேறொருவர் கூட்டிப் பார்க்கட்டும், அடுத்த மாதம் ஆட்களை மாற்றுங்கள். யாராவது வீட்டை விட்டுப் போனால் அவர் பங்கை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். இந்த மாதம் குறைந்ததை ஐந்தாகப் பிரித்து ஏற்றுக்கொள்ளலாம் என்று நீயே முதலில் சொல். உன் பங்கு உனக்குக் கஷ்டம் என்றால் என்னிடம் கேள்.

பூனைச் செலவைப் பொதுப்பணத்தில் கலக்காதே. இரண்டு பேர் பூனை வந்த பிறகுதான் குடிவந்தார்கள் என்றாய். அதன் தீனி, தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் நீ ஒருத்தியே பொறுப்பேற்பது நல்லது. அவர்கள் ஆசையாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்.

இன்னொன்று. வீடியோவில் உன் மேசையில் லில்லிப் பூ தெரிந்தது. இதைப் படித்ததும் முதல் வேலையாக அதை எடுத்துவிடு. லில்லி பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே ஆபத்து. உன் பாராசிட்டமால் மாத்திரையையும் டிராயரில் வைத்துப் பூட்டு, அதுவும் பூனைக்கு விஷம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனைக் கொஞ்சம் அதன் பக்கத்தில் வை. அம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா