டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தேன், கோமதி

நங்கநல்லூர், சென்னை

அன்புள்ள கோமதி,

பேத்திக்குக் காது குத்திய படங்கள் கிடைத்தன. குழந்தை அப்படியே உன் மாமியார் முகம்; நீ எவ்வளவு மறுத்தாலும் அதுதான் உண்மை. என் முழங்கால் பரவாயில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இவர் வழக்கம்போல் காலையில் பேப்பர், மாலையில் பார்க், நடுவில் என்னோடு சண்டை. குசலம் இவ்வளவு போதும்.

அம்மாவுக்குச் சென்னையில் நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தாய். பதில் தாமதமானதற்குக் காரணம் நம் கணக்கு டீச்சர். இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் நடுவில் கத்துவேன், விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் கடிதம்.

டீச்சரின் மகன் டல்லாஸிலிருந்து பேசினான். அம்மாவை ஓய்வூதிய நேர்காணலுக்குக் கருவூலத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்டான். அதற்கென்ன என்றேன். "இல்லத்துக்கு முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள் ஆன்ட்டி, திடீரென்று போனால் அவர்களுக்குப் பிடிக்காது" என்றான். அந்தப் பேச்சு எனக்கு உறுத்தியது. ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, யாருக்கும் சொல்லாமல், தாம்பரத்துக்கு அப்பால் இருக்கும் அந்த இடத்துக்குப் போய் நின்றேன்.

வாசலில் நீரூற்று, துளசி மாடம், வரவேற்பறையில் ஊதுவத்தி வாசனை. மாதம் 35,000 ரூபாய் வாங்கும் இடம். மாலை நான்கு முதல் ஐந்து வரைதான் பார்வையாளர் நேரம் என்று உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், பிறகு எழுந்து நேராக உள்ளே நடந்துவிட்டேன். ஹாஸ்டல் வார்டனைத் தாண்டிப் போனவளுக்கு இவர்கள் எம்மாத்திரம்!

டீச்சர் பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். இடுப்பைச் சுற்றிப் பழைய புடவைக் கிழிசல் ஒன்று. முடிச்சு நாற்காலியின் பின்புறம், அவர் கைக்கு எட்டாத இடத்தில். அந்த நீளப் பின்னலை ஒட்ட வெட்டிவிட்டார்கள். மூக்குக் கண்ணாடி இல்லை, காதுக் கருவி இல்லை. பட்டப்பகலில் தலை தொங்கிய தூக்கம். தோளைத் தொட்டு "டீச்சர்" என்றேன். திடுக்கிட்டு இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினார். அடி விழப்போகிறது என்று நினைப்பவர்கள்தான் அப்படிச் செய்வார்கள், கோமதி.

கொஞ்ச நேரத்தில் அடையாளம் தெரிந்தது. பெயர் வரவில்லை. "இரண்டாம் பெஞ்சு, ஜன்னல் ஓரம்" என்றார். நான் ஆத்திரத்தில் யாரையோ கூப்பிட வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து, "மெதுவாகப் பேசு. அவர்களுக்குக் கோபம் வந்தால் ராத்திரி தண்ணீர் தர மாட்டார்கள்" என்றார். கணக்கு முடியும்வரை கல்வி அதிகாரியை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தாரே, அதே டீச்சர்!

அன்றே அவரை வெளியே கொண்டுவந்துவிட்டேன். மகனிடம் போனிலேயே சம்மதம் வாங்கி, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, வாடகைக் காரில். மறுநாள் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் இருக்கும் முதியோர் நல மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 2024-இல் திறந்தார்களே, அதுதான். அங்கே இருந்த டாக்டர் பெண் பொறுமையாகப் பரிசோதித்துவிட்டு எனக்கு விளக்கியதைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும். நாம் கொடுமை என்றால் அடிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். டீச்சர் உடம்பில் அடித்த காயம் என்று ஒன்றுகூட இல்லை. இரண்டு மேற்கைகளிலும் விரல் பதிந்த கன்றல், கிள்ளிய தடம் ஒன்று, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாக வந்தவை.

டயப்பர் மாற்றும் வேலையைக் குறைக்க, மாலைக்கு மேல் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் குறைந்து சிறுநீரில் கிருமி. வயதானவர்களுக்கு அந்தக் கிருமி காய்ச்சலாகக்கூடத் தெரியாது, புத்தித் தடுமாற்றமாகத்தான் தெரியுமாம். திடீரென்று இரவில் கத்துவார்கள், ஆளைத் தெரியாது, கடிப்பார்கள். அதை "பாட்டிக்கு மறதி நோய் முற்றிவிட்டது" என்று சொல்லி மனநோய்க்கான மாத்திரையைக் கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறார்கள். மாத்திரை மயக்கத்தில் நடந்தால் விழுவார், விழுந்தால் மகன் கேட்பான், அதனால் கட்டிப்போடுவது. கட்டிப்போட்டு ஒரே இடத்தில் உட்காரவைத்தால் வால் எலும்பில் படுக்கைப் புண். அதையும் நான் பார்த்தேன், கோமதி. ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது. படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய புண். இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு டம்ளர் தண்ணீர்!

மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் சாகும் அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005-லேயே எச்சரித்திருக்கிறது. தண்டிப்பதற்காகவோ ஊழியர்களின் வசதிக்காகவோ முதியவரைக் கயிற்றாலும் கட்டக் கூடாது, மருந்தாலும் கட்டக் கூடாது என்று அந்த நாட்டில் 1987-இல் சட்டமே வந்துவிட்டது. அந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டுதான் டீச்சரின் மகன் மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

அவன் மேல் கோபப்படாதே. நான் முதலில் கோபப்பட்டேன், பிறகு முடியவில்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவானாம். துவைத்த புடவை, வாரிய தலை, நெற்றியில் விபூதி. எது கேட்டாலும் "நன்றாக இருக்கிறேன்" என்பாராம். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே சொன்னான்: "பதில் சொல்லும் முன் அம்மா ஒவ்வொரு தடவையும் போனுக்கு மேலே யாரையோ பார்ப்பார், ஆன்ட்டி. எனக்கு அது புரியவே இல்லை." போனைப் பிடித்துக்கொண்டிருந்தவளைத்தான் பார்த்திருக்கிறார். விக்கி விக்கி அழுதான். ஐம்பது வயதுக்காரன்.

அந்த இல்லத்து ஆயா பெண் ஒருத்தியிடமும் பேசினேன். ஒடிசாவிலிருந்து வந்தவள், இருபது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். தமிழ் அரைகுறை. நோயாளியை எப்படித் தூக்குவது என்றுகூட யாரும் சொல்லித் தரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த மாடி முழுவதற்கும் அவள் ஒருத்திதான். டீச்சர் கடித்த தழும்பைக் காட்டினாள். கிள்ளியது அவளா, வேறொருத்தியா என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். முதியோர் இல்ல ஊழியர்களில் மூன்றில் இரண்டு பேர், முந்தைய ஓராண்டில் தாங்கள் ஏதாவது ஒரு வகையில் முதியவர்களிடம் தவறாக நடந்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தனை பேரும் பிறவிக் கொடியவர்களாக இருக்க முடியாது. அந்தப் பெண் செய்தது தப்புதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நீரூற்றுக்குச் செலவழித்துவிட்டு இரவில் ஒற்றை ஆளை வைத்திருப்பவர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார். என் கோபமெல்லாம் அவர் மேல்தான்.

நம் உஷாவிடம் சட்டம் கேட்டேன். வக்கீல் தொழிலை விட்டாலும் வாய் விடவில்லை அவளுக்கு, ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் சோறு போடவில்லை என்றால் கோட்டாட்சியர் முன்னால் மனுக் கொடுக்கலாம், கைவிட்டுப் போனால் மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் பார்வை பெரும்பாலும் பிள்ளைகள் மேல்தான் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கட்டிப்போடுகிறவர்களை என்ன செய்வது? தனியார் இல்லங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யவும், குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார்கள். நிறைவேறவில்லை, 2024-இல் அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

இப்போது உன் அம்மா விஷயம். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நீ அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்ட முடியாது. இல்லத்தில் சேர்ப்பதற்காக யாராவது உன்னைக் குறை சொன்னால் என்னிடம் அனுப்பு. பாலவாக்கத்தில் சாவித்திரி வைத்தி 1978-இல் ஆரம்பித்த விச்ராந்தி முதியோர் இல்லத்தை நாம் அறிவோம். ஆதரவற்ற பெண்களை மரியாதையோடு வைத்துக்கொள்ள முடியும் என்று காட்டிய ஊர் இது. நல்ல இடம் இல்லாமல் போகாது. ஆனால் நீ அனுப்பிய அந்தப் பளபளப்பான விளம்பரத் தாளைக் கிழித்துப் போடு.

இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று முதலில் கேள். "தேவைக்கு ஏற்ப" என்று சொன்னால் எழுந்து வந்துவிடு. மாத்திரையை எந்த டாக்டர் எழுதுகிறார், புதிதாக ஒன்று சேர்த்தால் வீட்டுக்குச் சொல்வார்களா என்று கேள். பார்வையாளர் நேரம் ஒரு மணி நேரம்தான் என்றால் அந்த இடமே வேண்டாம். உன் தம்பி வேளச்சேரியில்தானே இருக்கிறான்? பழம் வாங்கிக்கொண்டு ஞாயிறு மாலை மட்டும் போனால் பிரயோஜனம் இல்லை என்று சொல். சாப்பாட்டு வேளையில் போகட்டும், விடியற்காலையில் போகட்டும், நாள் மாற்றி மாற்றிப் போகட்டும். அவன் மனைவி கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்க்க வேண்டும். நாக்கு உலர்ந்திருக்கிறதா, கண்ணாடியும் பல்செட்டும் இருக்கின்றனவா, பதில் சொல்லும் முன் யாரையாவது பார்க்கிறாரா என்று கவனிக்க வேண்டும். ஏடிஎம் அட்டை இல்லத்து மேலாளரிடம் போகவே கூடாது. டீச்சரின் அட்டை அங்கேதான் இருந்தது. என்ன எடுத்தார்கள் என்று வங்கியில் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

டீச்சர் இப்போது எங்கள் முன்னறையில் இருக்கிறார். காற்றுப் படுக்கை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், ஒரு நர்ஸ் பெண் வந்து புண்ணைக் கழுவுகிறாள். கிருமி போனதும் பாதித் தடுமாற்றம் போய்விட்டது. பால்கணக்கில் இவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். "கூட்டலா இது?" என்று ஒரு அதட்டல்! இவர் பேசாமல் திருத்திக் கொடுத்தார். என் திருமண வாழ்க்கையில் நான் பார்க்காத பணிவு. ஜனவரியில் மகன் வருகிறான், அதற்கு மேல் என்ன செய்வது என்று அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

எனக்கு உறக்கம் வராதது அதற்காக இல்லை. அந்தப் பின்கட்டில் வேறு நாற்காலிகளும் இருந்தன. டீச்சரை நான் அழைத்து வந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் "என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்று என் முந்தானையைப் பிடித்தார். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணில் அன்று மாலையே சொன்னேன். அடுத்ததாக, மாவட்ட ஆட்சியருக்கும் சமூகநல அலுவலருக்கும் மனு எழுதியிருக்கிறேன். டாக்டரின் சீட்டும் நான் எடுத்த படங்களும் அதோடு போகும். கிழவி ஒருத்தி புலம்புகிறாள் என்று அதை ஓரமாக வைத்துவிடக் கூடாது. டீச்சரிடம் படித்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பாளையங்கோட்டையில் இருப்பவர்களை நீதான் திரட்ட வேண்டும். ஜெயசீலி, இரண்டு பாத்திமாக்கள், நம் பஞ்சாயத்துத் தலைவி, யாரையும் விடாதே. முழுப் பெயர், முகவரி, படித்து முடித்த ஆண்டு, கையெழுத்து. பொங்கலுக்கு முன் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. அம்மாவுக்காக எங்காவது முன்பணம் கட்டியிருந்தால் இந்தக் கடிதம் கிடைத்தவுடன் போன் செய். இடத்தின் பெயரைச் சொல், சாப்பாட்டு வேளையில் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
வசந்தா