தனுஷ்கோடி ஊற்றுகளைக் காத்துத் தரக் கோரும் மனு (நான்காம் முறை)

அனுப்புநர்
தனுஷ்கோடி இடிபாடுகளை அடுத்துக் குடியிருக்கும் கரைவலைக் குடும்பங்களுக்காக, அவர்களில் ஒருத்தி.

பெறுநர்
உயர்திரு பகுதிப் பொறுப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: பேய் பார்க்க வருகிறவர்களிடமிருந்து எங்கள் குடிநீர் ஊற்றுகளைக் காத்துத் தரவும், நிரந்தரமாகக் குடிநீர் கிடைக்க வழி செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற வைகாசியிலும் ஆவணியிலும் நேரில் கொடுத்த மனுக்கள், தை மாதம் தபாலில் அனுப்பிய மனு. மூன்றுக்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் பொறுப்பேற்ற பிறகு இரண்டு முறை நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை வந்து போனதைப் பார்த்தோம். ஆகவே சர்ச் எங்கே, ஸ்டேஷன் எங்கே, ரயில்வே தண்ணீர்த் தொட்டி எங்கே என்று தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சர்ச்சுக்குப் பின்னால் மணல் இறங்குகிற பக்கத்தில் பனை ஓலை போட்டு மூடிய குழிகள் நாலைந்து இருக்கின்றன. அவை காரில் போகிறவர் கண்ணில் படாது. இந்த மனு அந்தக் குழிகளைப் பற்றியது.

1. ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போனார்கள். சுங்கச்சாவடி, தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் இருந்த துறைமுக ஊர் இது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் எல்லாம் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பயணிகள் ரயில், நூறு பேருக்கு மேல் இருந்த ரயில், ஸ்டேஷனைத் தொடுவதற்குள் அலையில் போனது. அதன்பின் மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இதெல்லாம் தங்கள் கோப்பிலேயே இருக்கும். மீன் இங்கேதான் கிடைக்கிறது என்பதால் நாங்கள் திரும்பி வந்துவிட்டோம் என்பது மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுகிறேன்.

2. பேய்க்கதை எங்களுக்குப் புதிதில்லை. நள்ளிரவில் ரயில் ஊதும், மணியே இல்லாத சர்ச்சில் மணி அடிக்கும், தண்டவாளம் இருந்த திசையில் ஒரு வெளிச்சம் நகர்ந்து வந்து ஸ்டேஷன் பக்கத்தில் அணையும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஊதுகிற சத்தம் உண்மைதான். கச்சான் காற்று பலமாக இருக்கிற நாளில் பழைய சுவர்களின் ஓட்டைகளில் புகுந்து ஊதும். காற்று வாடைக்குத் திரும்பினால் நின்றுவிடும். வெளிச்சம், நண்டு பிடிக்கப் போகிறவன் கையில் இருக்கிற டார்ச்.

என் அப்பத்தா சொன்னது வேறு மாதிரி. கரைவலை இழுக்கும்போது காரணமில்லாமல் வலை கனத்தால், "யாரோ ஏறி வர்றாங்க, விடாம இழுங்க" என்பாள். புயலில் செத்தவர்களில் அவள் தம்பியும் ஒருவர். பயந்த குரலில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

3. 2017-இல் தார்ச்சாலை அரிச்சல்முனை வரை வந்தது. பிரசவ வலி எடுத்தவளை வேனில் ஏற்றி, மணலிலும் தண்ணீரிலும் உருட்டிக்கொண்டு போன காலம் அதோடு முடிந்தது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் மணலுக்கும் ஓதத்துக்கும் பயந்து பொழுது சாயுமுன் கிளம்பிய கூட்டமும் அதோடு பயம் விட்டுப்போனது. மாலைக்கு மேல் யாரும் நிற்கக்கூடாது என்பது விதி. விசில் ஊதி அனுப்புகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எல்லா வண்டியும் போன பிறகு சர்ச் சுவருக்குப் பின்னாலிருந்து எட்டுப் பத்துப் பேர் எழுந்து வருவார்கள். கையில் கேமரா, காதில் மைக், பையில் பாட்டில். பேய் வரும்வரை பொழுது போக வேண்டுமே, கடலைப் பார்த்து உட்கார்ந்து குடிப்பார்கள். பூசை நடந்த இடம் இப்படித் திறந்தவெளி பார் ஆகிக் கிடக்கிறது.

4. இப்போது ஊற்றுக்கு வருகிறேன். ஐயா இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஒரு பக்கம் அலையடிக்கிற ஆண்கடல், ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், நடுவில் மணல். பெய்கிற மழை மணலில் இறங்கி நிற்கிறது. உப்புத் தண்ணீர் கனம் என்பதால் நல்ல தண்ணீர் அதன் மேல் மெல்லிய படலமாகத் தங்கும். மூன்று நான்கு அடி தோண்டினால் கசியும். அவசரப்பட்டு நிறைய இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறி ஊற்று வீணாகிவிடும். அதனால் சிரட்டையால் மொண்டு, ஊறும்வரை காத்திருந்து, மறுபடி மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். கோடையில் அதற்கும் மேலே. குழந்தைக்குப் பால் கரைப்பதும் இதில்தான், சோறு பொங்குவதும் இதில்தான். விலைத் தண்ணீர் எல்லா நாளும் கட்டுப்படியாகாது.

பேய் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் குழிதான் "பேய்க்கிணறு". அப்படிப் பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. ஓலையைத் தூக்கிவிட்டு உள்ளே விளக்கடித்துப் படம் எடுக்கிறார்கள். கரையில் நின்று மிதிப்பதில் மணல் சரிந்து குழி தூர்கிறது. சென்ற மாசியில் ஒரு விடியற்காலை என் மருமகள் ஓலையை எடுத்தாள். குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் பாதி மிதந்தது. பீர் வாடை அடித்தது. பழத்தை எடுத்துப் போட்டுவிட்டுக் கலங்கலை வெளியே மொள்ளலாம் என்று கையை விட்டாள். அடியில் உடைந்த பாட்டில். சுண்டு விரலிலிருந்து உள்ளங்கை வரை கிழித்துவிட்டது. ஐந்து தையல். மீன் ஆய்கிற கை ஐயா அது. மூன்று வாரம் அவள் உப்புத் தண்ணீரில் கை நனைக்கவில்லை, அந்த மூன்று வாரமும் வீட்டுக்கு அவள் கூலி இல்லை.

அந்த ஊற்றை மூடிவிட்டோம். கண்ணாடித் தூளை மணலிலிருந்து யார் சலிப்பது? பக்கத்தில் தோண்டிய புதிய ஊற்று இருபது நாளில் உப்புக் கரித்துப்போனது. இப்போது இன்னும் தள்ளிப் போகிறோம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மணலில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

5. என் மாமியாருக்கு எழுபது வயதை நெருங்குகிறது. புயலடித்த அன்று மீன் விற்கப் போன தாயோடு ராமேஸ்வரத்தில் தங்கிவிட்டதால் பிழைத்தவர். தகப்பனும் அண்ணனும் பிழைக்கவில்லை. மாமனார் போன பிறகு வெள்ளைச் சேலைதான் கட்டுகிறார். ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர் காலை நாலு மணிக்குத் தெளிந்து நிற்கும் என்பதால் எல்லாருக்கும் முன்னால் அவர்தான் குடத்தோடு போவார்.

ஒரு நாள் அவரைப் படம் எடுத்திருக்கிறார்கள். சர்ச் வாசலைத் தாண்டி அவர் நடப்பது, குனிவது, மணலுக்குள் பாதி மறைவது, நிமிர்வது. அதற்கு ஒரு இசை, ஒரு ரயில் ஊதல். "தனுஷ்கோடியில் வெள்ளைச் சேலைப் பேய், நேரடிக் காட்சி". ராமேஸ்வரத்தில் படிக்கிற என் பேரன்தான் வகுப்பில் யாரோ காட்டிய போனில் பார்த்துவிட்டு, "இது எங்க தாத்தாவப் பெத்த ஆத்தா மாதிரி நடக்குது" என்று முதலில் சிரித்திருக்கிறான். அப்புறம் குடத்தின் நெளிவைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறான். எங்கள் வீட்டுக் குடம். லட்சக்கணக்கானோர் பார்த்தார்களாம். அதில் ஒருவருக்காவது, பேய் எதற்குக் குடம் எடுத்துக்கொண்டு போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பானது. ஒரு பையன் அவர் முகத்தில் டார்ச் அடித்து, "நீங்கள் யார், உங்களுக்கு என்ன வேண்டும்" என்று மரியாதையாகவே கேட்டிருக்கிறான். "தண்ணி வேணும்யா" என்றாராம். அவன் குடத்தை மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை ஐயா. குடம் நசுங்கியது, அன்றைய தண்ணீர் போனது. அவர் இப்போது நாலு மணிக்குப் போவதில்லை. வெயில் ஏறிய பிறகு மற்றவர்கள் மொண்டு கலங்கியதை மொள்கிறார்.

6. முந்தைய மனுக்களுக்கு என்ன ஆனது என்பதையும் எழுதிவிடுகிறேன். முதல் மனுவை வாங்கியவர் படித்துவிட்டு, "பேய்ப் பிரச்சனை எந்த செக்ஷன்ல வரும்னு தெரியலையேம்மா" என்று பக்கத்து மேசையைப் பார்த்தார். அந்த மேசையும் சிரித்தது. அது பேயைப் பற்றிய மனு இல்லை, தண்ணீரைப் பற்றியது. இரண்டாவதற்கு, சுற்றுலா என்றால் வேறு இடம், குடிநீர் என்றால் வேறு இடம் என்றார்கள். அந்த வேறு இடத்தில், வாழத் தகுதியற்றது என்று அறிவித்த இடத்துக்குக் குழாய் எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். சுற்றுலாப் பயணிக்குச் சாலை போடலாம், நாங்கள் வாக்காளர் அட்டை வைத்திருக்கலாம், ஓட்டுப் போடலாம், தண்ணீர் மட்டும் குடிக்கக்கூடாது, அப்படித்தானே? மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீது பத்திரமாக இருக்கிறது.

7. கோபமாக எழுதியிருந்தால் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்பது இவ்வளவுதான். இருக்கிற ஊற்றுகளைச் சுற்றி ஒரு வேலி, "குடிநீர், தொடாதீர்" என்று ஒரு பலகை. மாலை விசில் ஊதிய பிறகு சர்ச்சுக்கும் ஸ்டேஷனுக்கும் பின்னால் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வர ஒரு ஆள். வாரத்தில் சில நாளாவது லாரித் தண்ணீர். குழாய் வருமானால் வரட்டும், அதுவரை இவையாவது.

8. எல்லாம் முடியாது என்றால் வேலி மட்டுமாவது.

9. பலகையில் எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், கையெழுத்து நன்றாக இருக்கும். பலகையும் பெயிண்டும் கொடுத்தால் போதும். தண்ணீருக்குத்தான் ஐயா கேட்கிறோம். தயவுசெய்து இந்த முறை பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கரைவலைக் குடும்பங்கள் சார்பாக.

இணைப்பு: தையல் போட்ட மருத்துவச் சீட்டு நகல், தபால் ரசீது நகல், குடும்பத் தலைவர்கள் கையொப்பமும் கைநாட்டும் இட்ட தாள் ஒன்று.

பி.கு.: நேரில் பார்க்க வருவதானால் விடியற்காலை நாலு மணிக்கு வரவும், அப்போதுதான் ஊற்று தெளிந்திருக்கும். மாமியாரையும் வரச் சொல்கிறேன். முகத்தில் டார்ச் அடிக்க வேண்டாம்.