23ஆம் தேதி டைவ் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். டிக்கெட் வந்து சேர்ந்தது. 24ஆம் தேதி காலை 7 மணிக்கு போர்ட் பிளேரில் ஏறி, சென்னையில் மாறி, மதியம் தூத்துக்குடி வாகைக்குளத்தில் இறங்குகிறாய். அம்மா இப்போதே முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்க ஆரம்பித்துவிட்டாள். இன்னும் நாள் கிடக்கிறதே என்றால் என்னை முறைக்கிறாள்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம். ஆனால் நீ "டைவுக்குக் கிளம்புறேன்ப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதில்லை. சரி, முதலில் பெட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கடலுக்கடியில் கொண்டுபோகும் உன் பெரிய டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடு. சுவிட்சை அணைத்துத்தானே வைத்திருக்கிறேன் என்று சொல்லாதே. தண்ணீருக்குள் எரியும்போது அதன் சூட்டைக் கடல் வாங்கிக்கொள்கிறது. பெட்டிக்குள் வெட்சூட்டுக்கும் துண்டுக்கும் நடுவில் சுவிட்ச் அழுந்தி எரிந்தால் சூடு எங்கே போகும்? அதனால்தான் விமான விதியில் டைவிங் விளக்கைத் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். பேட்டரி வேறு, விளக்கு வேறாக இருக்க வேண்டும், விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டேஞ்சரஸ் கூட்ஸ் பேப்பர் பார்த்தே காலம் கழித்தவன் நான், என்னிடம் வாதாடாதே.

கழற்றிய பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் சரக்கில் போகும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது, பவர் பேங்கும் அப்படித்தான். போன தடவை வந்தபோது ஹாலில் உன் பையைக் கவிழ்த்தாய். விரல் தடிமனில் இரண்டு பேட்டரிகள், வீட்டுச் சாவி, ஐந்து ரூபாய்க் காசு எல்லாம் ஒன்றாக உருண்டு வந்தன. அந்தச் சாவி இரண்டு முனையையும் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு பேட்டரிக்கும் முனையில் டேப் ஒட்டு, தனித்தனி உறையில் போடு. அதன் மேலே 3.7 வோல்ட், 3400 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பன்னிரண்டரை வாட்-ஹவர் வருகிறது, பயமில்லை. 100 வரைக்கும் யாரும் கேட்கப் போவதில்லை. 100க்கு மேல் 160 வரை என்றால் கம்பெனி அனுமதி வேண்டும், அதிலும் உதிரி இரண்டுதான். 160ஐத் தாண்டினால் கொண்டு போகவே முடியாது. உன் வீடியோ லைட் பேட்டரியில் என்ன போட்டிருக்கிறது என்று எடுத்துப் பார்.

கத்தி பெரிய பெட்டியில். மூச்சு விடும் ரெகுலேட்டர் கையோடு. எக்ஸ்ரேயில் குழாயும் உலோகமுமாகச் சுருண்டு தெரிவதால் திறக்கச் சொல்வார்கள். திறந்து காட்டு, பொறுமையாகச் சொல். அவர்கள் பார்ப்பது அவர்கள் வேலை. போன தடவை போல முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே.

சித்தப்பா மகன் ஒரு டைவிங் சிலிண்டர் கொண்டுவரச் சொன்னானாமே. வேண்டாம் என்று சொல்லிவிடு. வால்வை முழுக்கக் கழற்றி, உள்ளே காலி என்று கண்ணால் பார்க்கிற மாதிரி வாயைத் திறந்து வைத்தால்தான் பேச்சே. திறந்த வாய் வழியாக ஈரம் உள்ளே போகும், இங்கே வந்து அதை வேறு பரிசோதிக்க வேண்டும். வழக்கமான அலுமினிய சிலிண்டர் காலியாகவே 14 கிலோ இருக்கும். உனக்கு விட்டிருப்பது 15 கிலோ. மாற்றுத் துணி இல்லாமல் கிறிஸ்துமஸுக்கு வருவாயா? அவனுக்கு என்ன, கேட்டுவிட்டான்.

பெட்டி விஷயம் முடிந்தது. டார்ச் பேட்டரியை மட்டும் மறக்காதே.

இப்போது டிக்கெட். 23ஆம் தேதி ஹேவ்லாக் தீவில் மதியம் ஒரு டைவ் இருக்கிறது, முடித்துவிட்டுப் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நீ கரை ஏற இரண்டரை மணி ஆகும். அங்கிருந்து மறுநாள் காலை 7 மணி வரை பதினாறரை மணி நேரம். டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்வது என்ன? ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் விட வேண்டும். பல டைவ், பல நாள் தொடர்ந்து என்றால் குறைந்தது 18. சீசனில் நீ தினமும் இறங்குகிறவள். 18 என்பதே குறைந்தபட்சம்தான், பல பேர் ஒரு முழு நாள் விடுகிறார்கள். ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவள் நீ. உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் நம் வீட்டில் இருப்பது போல இருக்காது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள், கொடைக்கானல் உயரம் என்று வைத்துக்கொள். கடலுக்கடியில் உடம்பு வாங்கிவைத்த நைட்ரஜன் மெதுவாக வெளியேறிக்கொண்டிருக்கும்போது சட்டென்று உன்னைக் கொடைக்கானலில் கொண்டுபோய் வைத்தால், அது ரத்தத்திலும் மூட்டிலும் குமிழியாக நிற்கலாம். உன் கை வாட்சில் விமானப் படம் தெரிகிற வரைக்கும் ஏறக் கூடாது என்று நீதானே எனக்குக் காட்டினாய். அது அணைந்துவிட்டது என்பதற்காகவும் ஏறாதே. வாட்ச் கணக்கைத்தான் பார்க்கும்.

பேசாமல் கப்பலில் வந்துவிடேன். சென்னைக்கு மூன்று நாள் ஆகும், வயிறு புரட்டும், ஆனால் கடல் மட்டத்திலேயே வருவாய். அம்மா இதைக் கேட்டுவிட்டு "அதற்குள் பண்டிகை முடிஞ்சிரும்" என்றாள். அதுவும் சரிதான்.

உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. மாதா கோயில் வாசலில் யார் என்ன கேட்டாலும், என் மகள் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடலுக்குள் மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நானே ஆரம்பித்துவிடுகிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். நம் தெருவில் சங்குகுளிக்குப் போன ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேர், ஒரு பெண்பிள்ளை கடலுக்குள் இறங்கியதில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்த ஆண்பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு வந்தபோது மேல் தட்டிலிருந்து ஊறுகாய் ஜாடியை இடது கையால் எடுத்தாய். நீ வலது கைக்காரி. ஜாடி கனம், கை நடுங்கியது, எடுத்து வைத்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாய். நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா போனில் கேட்டதற்கு "சிலிண்டர் தூக்கினதும்மா" என்று சொன்னாயாம். அன்றிலிருந்துதான் உன் போன் குறைந்திருக்கிறது. உன் சித்தப்பாவும் சிலிண்டர் தூக்கியதுதான் என்றான். ஒரு சீசன் முழுக்க அதையே சொன்னான். இப்போது அவனுக்கு ஆட்டோ கோயில் வாசல் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

சிலிண்டர் தூக்கினாலும் தோள் வலிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அந்த வலி கையை அசைத்தால் கூடும், அழுத்தினால் தெரியும், ஓய்வு எடுத்தால் குறையும். மற்றது, அந்த நைட்ரஜன் குமிழி வலி, பெரும்பாலும் டைவ் முடிந்த சில மணி நேரத்தில் தொடங்குகிறது, இன்ன இடம் என்று தொட்டுச் சொல்ல முடியாமல் உள்ளே குடைகிறது, கூடவே மரத்துப்போவதும் அசதியும் வரலாம். அதற்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், அழுத்த அறையில் படுக்கவைக்க வேண்டும், வலி மாத்திரை போட்டுச் சமாளிக்கிற விஷயமில்லை. இது உனக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் முதலில் மறைக்கிறார்கள்.

23ஆம் தேதி டைவை வேறு ஆளிடம் கொடு. அன்றைய காசு நஷ்டம் என்றால் நான் அனுப்புகிறேன். கொடுக்க ஆள் இல்லை என்றால் டிக்கெட்டை 25க்கு மாற்று, மாற்றுக் கட்டணம் என் கணக்கு. நடுச்சாமப் பூசைக்கு நீ இல்லை என்றால் அம்மா இரண்டு நாள் பேச மாட்டாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்படியானால் சென்னையிலிருந்து அடுத்த பிளைட் வேண்டாம், முத்துநகர் ரயிலில் படுத்துக்கொண்டு வா.

எனக்குப் பதில் எழுது. போன் செய்தால் அம்மா வாங்கிவிடுவாள். எந்தத் தோள், எப்போது தொடங்கியது, டைவ் முடிந்து எத்தனை மணி நேரத்தில், விரல் மரத்துப்போகிறதா? இந்த நான்குக்கு மட்டும் பதில் போதும்.

அப்பா